சிங்கவாங்: பொன் தேடி வந்த ஹக்காக்களின் கடலோர ஊர்

மேற்குக் கலிமந்தானின் தலைநகரான பொந்தியானாக்கிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே சுமார் 145 கிலோமீட்டர் போனால் சிங்கவாங் வரும். போர்னியோ தீவின் மேற்குக் கரையில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, இந்தோனேசிய எல்லைக்குள் இருக்கும் ஊர் இது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 2,35,000 பேர் வாழ்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், போர்னியோவின் பழங்குடிகளான தயாக் என மூன்று இனத்தாரும் கலந்து வாழ்ந்தாலும், சந்தையில் காதில் விழுவது பெரும்பாலும் ஹக்கா என்னும் சீன மொழிதான். பொந்தியானாக்கின் கடைத்தெருவில் தியோச்சியூ என்னும் வேறொரு சீன மொழி கேட்கும். மூன்று, நான்கு மணி நேரப் பயணத்தில் ஊர்ப்பேச்சே மாறிவிடுகிறது.

ஏன் மாறுகிறது என்பதற்கு ஊரின் பெயரே விளக்கம். ஹக்காக்கள் இதைச் 'சான் கியூ ஜோங்' என்பார்கள். சான் என்றால் மலை, கியூ என்றால் வாய், ஜோங் என்றால் கடல். ஆறு கடலில் சேரும் இடத்தை நாம் கழிமுகம் என்கிறோம். அவர்களுக்கு அது வாய். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வாய். மலைப்பக்கத்திலிருந்து பொன் இறங்கியது, களிமண் இறங்கியது, கடைசியில் வீடிழந்த மக்களும் இறங்கி வந்தார்கள். எல்லாம் இந்த வாய்க்குத்தான் வந்து சேர்ந்தன. இன்று பயணிகள் பார்க்கும் கோயில்களும் ஜாடிகளும் சாப்பாடும் இப்படி வந்து சேர்ந்தவற்றின் மிச்சம்தான்.

பொன்னும் கொங்சியும்

ஹக்கா என்ற சொல்லுக்கு 'விருந்தினர் குடி' என்று பொருள். வடக்கிலிருந்து பல தலைமுறைகளாக நகர்ந்து தென்சீனத்துக்கு வந்தவர்கள். நல்ல ஆற்றுச் சமவெளிகள் ஏற்கெனவே பிறர் கையில் இருந்ததால் மேட்டு நிலங்களில் குடியேறினார்கள். கல்லும் சரிவுமான நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு மண் வெட்டுவதும் நீரைத் திருப்புவதும் கைவந்த வேலை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் சம்பாஸ், மெம்பாவா சுல்தான்கள் தங்கள் நிலத்துப் பொன்னை எடுக்கச் சீனத் தொழிலாளர்களை வரவழைத்தபோது, வந்தவர்களில் பெரும்பாலோர் ஹக்காக்களாக இருந்ததில் வியப்பில்லை.

தயாக் மக்களும் மலாய்க்காரரும் அதற்கு முன்பே ஆற்று மணலைத் தட்டில் அலசிப் பொன் எடுத்து வந்தார்கள். ஹக்காக்கள் கொண்டுவந்தது நீர் மேலாண்மை. ஓடையை மேலே அணைகட்டித் தேக்குவார்கள். அங்கிருந்து நீளமான வாய்க்கால் வெட்டுவார்கள். இருபுறமும் வெட்டிய பொன்மண்ணை வாய்க்காலில் கொட்டி, மதகைத் திறந்துவிடுவார்கள். இலேசான மண்ணும் மணலும் அடித்துச் செல்லப்படும். கனமான பொன் வாய்க்காலின் அடியில் தங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை நீரை நிறுத்தி அடிமண்ணைச் சுரண்டி அலசினால் பொன் கிடைக்கும். குழியில் ஊறும் நீரை இறைக்க, காலால் மிதித்து ஓட்டும் மரச் சங்கிலி இறைவை இருந்தது. இந்த வேலையை ஓரிருவர் செய்ய முடியாது. அணைகட்டக் கூட்டம் வேண்டும், பொன் கிடைக்கும் வரை சோறுபோட முதல் வேண்டும். அதனால்தான் கொங்சி பிறந்தது. கொங்சி என்பது பங்காளிக் கூட்டு. உழைப்பைப் போட்டவருக்கும் பணத்தைப் போட்டவருக்கும் பங்கு உண்டு, தலைவரைப் பங்காளிகள் தேர்ந்தெடுப்பார்கள்.

இந்தக் கூட்டுகள் நாளடைவில் சிறு அரசுகளைப் போல வளர்ந்தன. உள்நாட்டுச் சுரங்க ஊரான மொந்தராடோவில் பல கொங்சிகள் இணைந்து 1776-இல் ஹேசுன் என்ற பெருங்கூட்டை அமைத்தன. அடுத்த ஆண்டு, இன்னொரு சுரங்க ஊரான மண்டோரில் லுவோ ஃபாங்போ தலைமையில் லான்ஃபாங் கொங்சி உருவானது. வரி, வழக்குத் தீர்ப்பு, பள்ளி, படை எல்லாம் அவர்களிடமே இருந்தன. லான்ஃபாங்கைச் சிலர் ஆசியாவின் முதல் குடியரசு என்று எழுதுகிறார்கள். அது மிகை. சுல்தானுக்குக் கப்பம் கட்டிய, பங்காளிகளுக்கு மட்டுமே உரிமை தந்த சுரங்கக் கூட்டு என்று சொல்வதுதான் நியாயம். ஆனால் குத்தகைக் கூலிகளாக வந்தவர்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பது சிறிய செய்தி அல்ல.

சிங்கவாங் அப்போது சுரங்க ஊரல்ல. மொந்தராடோ சுரங்கங்களுக்கு அரிசியும் உப்பும் ஆளும் வந்திறங்கிய துறை. சுரங்கத்துக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் தங்கிப்போன இடம். மண்டோர்ப் பக்கம் தென்சீனத்தின் மெய்ஷியன் வட்டார ஹக்காக்கள் அதிகம், மொந்தராடோப் பக்கம் ஹோபோ, லூஃபெங் வட்டாரத்தவர் அதிகம். மொந்தராடோவின் துறை என்பதால் சிங்கவாங்கில் இன்றும் ஒலிப்பது இந்த இரண்டாம் வகை ஹக்கா. ஒரே மொழி பேசுகிறோம் என்று நினைத்து வரும் வேறு ஊர் ஹக்காக்கள் முதல் நாள் கொஞ்சம் திணறுவதற்கு இதுவே காரணம்.

19-ஆம் நூற்றாண்டில் பொன் குறைந்தது. 1850 முதல் 1854 வரை நடந்த போரில் டச்சுக்காரர்கள் மொந்தராடோக் கொங்சிகளை ஒடுக்கினார்கள். லான்ஃபாங் 1884 வரை தாக்குப்பிடித்தது. சுரங்கம் போனபின் ஆட்கள் ஊர் திரும்பவில்லை. நெல், மிளகு, தென்னை, பிறகு ரப்பர் என நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பலர் தயாக் பெண்களை மணந்திருந்தார்கள். மேற்குக் கலிமந்தான் ஹக்காக்களில் ஏழை விவசாயிகளும் மீனவர்களும் அதிகமாக இருப்பதற்கு இந்த வரலாறே காரணம். சீனர் என்றால் கடைக்காரர் என்ற எண்ணத்தோடு இங்கே வருபவர் முதலில் அதைக் கழற்றி வைக்க வேண்டும்.

1967-இல் இறங்கி வந்தவர்கள்

சிங்கவாங் இவ்வளவு அடர்த்தியான ஹக்கா ஊராக இருப்பதற்கு ஒரு கசப்பான காரணமும் உண்டு. 1960-களில் மலேசியாவின் சரவாக் மாநில எல்லைக் காடுகளில் இடதுசாரி கெரில்லாக்கள் இயங்கினார்கள். அவர்களுக்கு உள்நாட்டுச் சீனக் கிராமங்கள் சோறுபோடுகின்றன என்று இந்தோனேசிய ராணுவம் கருதியது. 1967 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தயாக் மக்களைத் தூண்டிவிட்டுச் சீனர்களை உள்நாட்டிலிருந்து துரத்தும் வன்முறை நடந்தது. பலர் கொல்லப்பட்டார்கள். 50,000-க்கும் மேற்பட்டோர் நிலத்தையும் வீட்டையும் விட்டுக் கடலோர ஊர்களுக்கு ஓடிவந்தார்கள். தலைமுறைகளாகத் தயாக் மக்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், சிங்கவாங்கிலும் பொந்தியானாக்கிலும் முகாம்களில் அடைந்தார்கள். பசியும் நோயும் அங்கும் உயிர் குடித்தன. அதன்பின் வந்த வறுமையில்தான் 1970-கள் தொட்டு இவ்வூர்ப் பெண்கள் தரகர் வழியாகத் தைவானுக்கு மணமுடித்துப் போகும் வழக்கம் பரவியது. ஹக்கா மொழி தெரிந்த மருமகள் வேண்டும் என்ற தைவான் ஹக்காக் குடும்பங்களின் விருப்பமும் அதற்கு ஒரு காரணம்.

அதே 1967-இல் சீனச் சமயச் சடங்குகளைப் பொதுவெளியில் நடத்தக்கூடாது என்ற அதிபர் ஆணை வந்தது. கோயில்கள் பிழைக்க ஒரு வழி கண்டுபிடித்தன. பௌத்தம், தாவோ, கன்ஃபூசியம் மூன்றும் சேர்ந்த 'த்ரி தர்மா' வழிபாட்டிடம் என்றோ, 'விகாரை' என்றோ பதிவுசெய்துகொண்டன. ஊர்நடுவிலுள்ள மிகப் பழைய கோயில் இன்றும் 'விகாரா த்ரி தர்மா பூமி ராயா' என்றே பெயர்ப்பலகை தாங்கி நிற்கிறது. உள்ளே இருப்பவரோ நிலத்தைக் காக்கும் 'பாக் குங்' என்னும் கிழவர் தெய்வம். 1878-இல் சுரங்கத்துக்குப் போவோரின் தங்குமிடமாகத் தொடங்கிய கோயில் அது. 2000-இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் அந்தத் தடையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறை.

தடை நீங்கியபின் ஊர் மூச்சுவிட்டதைப் புத்தாண்டின் 15-ஆம் நாள் நடக்கும் சாப் கோ மே விழாவில் பார்க்கலாம். அன்று தெருவில் வருபவர்கள் தாத்துங், அதாவது தெய்வம் இறங்கும் ஆட்கள். கன்னத்தில் அலகு குத்தி, கத்திமுனை மேல் நின்று, பல்லக்கில் வருவார்கள். முந்தைய நாள் கோயில் கோயிலாகச் சுற்றித் தெருவிலுள்ள தீயவற்றைத் துடைக்கும் சடங்கு உண்டு. அதை உள்ளூரில் 'தெருக் கழுவுதல்' என்பார்கள். கூட்டம் குறைவாக, சடங்கு நெருக்கமாகக் கிடைப்பது அந்த முந்தைய நாளில்தான். தயாக் தாத்துங்குகளும் தங்கள் உடையில் இதே ஊர்வலத்தில் வருகிறார்கள். 1967-ஐ அறிந்தவருக்கு அந்தக் காட்சியின் கனம் புரியும். காகிதமும் துணியும் கொண்டு செய்த டிராகன்களுக்குக் கோயிலில் கண் திறந்து, ஆடவிட்டு, விழா முடிந்ததும் எரித்துவிடுவார்கள். எரிக்காவிட்டால் உள்ளே இறங்கியது திரும்பிப்போகாது என்பது நம்பிக்கை.

அந்தப் பழைய கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஊரின் பெரிய பள்ளிவாசல் நிற்கிறது. 1885-இல் அதை எழுப்பியவர் பாவாசாகிப் மரைக்கார் என்ற வணிகர், காரைக்காலிலிருந்து வந்தவர் என்று பள்ளிவாசலின் வரலாறு சொல்கிறது. பின்னாளில் அது பெரிதாகக் கட்டப்பட்டது. சோழமண்டலக் கரையின் மரைக்காயர் பெயர் ஒன்று, ஹக்கா ஊரின் நடுவே இன்றும் நன்றியோடு நினைக்கப்படுகிறது.

டிராகன் சூளை

ஊருக்குத் தெற்கே சக்கோக் பக்கம் மலையடிவாரத்தில் நல்ல வெண்களிமண் கிடைக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து அங்கே ஹக்காக் குயவர்கள் 'டிராகன் சூளை'களில் ஜாடி சுட்டு வருகிறார்கள். சரிவான தரையில் செங்கல்லால் கட்டிய நீண்ட குகை அது. தலை கீழே, வால் மேலே. கீழ்வாயில் தீ மூட்டினால் சூடு தானாக மேலேறும். சரிவே புகைபோக்கியாக வேலை செய்வதால் துருத்தி தேவையில்லை.

பெரிய ஜாடியை ஒரே மூச்சில் திரிக்க முடியாது. அடிப்பாதியைச் சக்கரத்தில் எழுப்பி, அது தன் பாரத்தைத் தாங்கும் அளவு உலர்ந்தபின் மேற்பாதியை ஒட்டுவார்கள். ஒட்டும்போது இரண்டு பாதியின் ஈரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூளையில் இடுப்பைச் சுற்றி வெடிப்பு ஓடும். மேலே மண்குழம்பால் டிராகன் உருவம் வைத்து, சாம்பலும் களிமண்ணும் கலந்த மெருகு பூசி, நிழலில் நாள்கணக்கில் உலர்த்துவார்கள். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் நீராவி ஜாடியை உடைத்துவிடும். ஒன்று உடைந்தால் அதன் சில்லு பக்கத்து ஜாடிகளையும் கெடுக்கும். அதனால் முதலில் கீழ்வாயில் மெல்லிய தீதான். சூளை முழுதும் சூடேறியபின், பக்கத் துளைகள் வழியாக விறகு போட்டுக்கொண்டே, தலையிலிருந்து வாலை நோக்கிப் போவார்கள். சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் எட்டினால்தான் சாம்பல் உருகிக் கண்ணாடிபோல் படியும். சுட்டு முடித்தபின் ஓரிரு நாள் வாயை மூடியே வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டுக் கீறல் விழும்.

இந்த ஜாடிகளை வாங்கியவர்கள் முக்கியமாக இரு கூட்டத்தார். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகவோ, சதுப்பில் மட்கிய தாவரங்களாலான கரிமண் கலந்து பழுப்பாகவோ இருக்கும். எனவே கூரையில் விழும் மழைநீரைப் பிடித்துவைக்க வீட்டுக்கு வீடு ஜாடி தேவைப்பட்டது. இன்னொரு கூட்டம் தயாக் மக்கள். அவர்களுக்குத் 'தாஜாவ்' ஜாடி சொத்து. கள் புளிக்கவைக்க, பெண்ணுக்குச் சீர் வைக்க, குற்றத்துக்குத் தண்டம் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான் அளவை. நெகிழித் தொட்டி வந்தபின் முதல் கூட்டம் கரைந்துவிட்டது. இரண்டாம் கூட்டம் இருப்பதால்தான் சூளைகளில் இன்னும் சில புகைகின்றன. பார்க்கப் போகிறவர்கள், சூளை எரியும் நாளும் திறக்கும் நாளும் எப்போது என்று முன்பே கேட்டுப் போவது நல்லது. மற்ற நாட்களில் இருட்டுக் குகையும் காயும் ஜாடிகளும்தான் தெரியும்.

சோய் பான் செய்யும் விதம்

ஹக்கா மொழியில் 'பான்' என்றால் அரிசிமாவுப் பண்டம், 'சோய்' என்றால் காய்கறி. பொந்தியானாக்கில் இதையே சாய் குவே என்பார்கள். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு இதன் பாதி வேலை தெரியும். வேறுபாடு, மேல்மாவில் மரவள்ளி மாவு சேர்வதும், தோல் உள்ளிருப்பது தெரியும் அளவுக்கு மெலிதாக இருப்பதும்.

சுமார் 40 உருப்படிக்கு 200 கிராம் அரிசிமாவு, 550 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். எல்லாவற்றையும் குளிர்நீரிலேயே கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்ட வேண்டும். களி பதத்துக்கு இறுகிச் சட்டியில் ஒட்டாமல் திரண்டதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வரவிட்டு, 125 கிராம் மரவள்ளி மாவைச் சேர்த்துப் பிசைய வேண்டும். இந்தச் சூடுதான் சூட்சுமம். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் மரவள்ளி மாவு அங்கேயே வெந்து பசையாகிவிடும். முழுக்க ஆறியபின் சேர்த்தால் மாவு பிடிக்காமல், மடிக்கும் இடத்தில் விரியும்.

உள்ளே வைப்பதற்கு அரைக் கிலோ பெங்குவாங். மலேசியாவில் செங்குவாங் என்று விற்கும், நீர் நிறைந்த வெள்ளைக் கிழங்கு அது. துருவி, நசுக்கிய பூண்டும் ஊறவைத்து இடித்த 50 கிராம் உலர் இறாலும் சேர்த்து, நீர் முழுக்க வற்றும்வரை வதக்கி, ஆறவிட வேண்டும். பூரணத்தில் நீர் நின்றால் ஆவியில் தோல் கிழியும், சூடாக வைத்தால் மேல்மாவு இளகும். இன்னொரு வகைக்குக் குச்சாய் என்னும் பூண்டுமணக் கீரை. அதை நறுக்கி முதலில் எண்ணெயில் பிரட்டிவிட்டு, மடிக்கும் நேரத்தில்தான் உப்புப் போட வேண்டும். முன்பே போட்டால் கீரை நீர் விட்டுவிடும்.

எலுமிச்சையில் பாதியளவு உருண்டை எடுத்து, மரவள்ளி மாவு தூவி, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, அரைவட்டமாக மடித்து ஓரத்தை அழுத்தினால் போதும். எண்ணெய் தடவிய வாழையிலையில் இடைவெளி விட்டு அடுக்கி, நன்றாகக் கொதிக்கும் நீரின் மேல் 7 அல்லது 8 நிமிடம். அதற்கு மேல் போனால் தோல் தளர்ந்து இலையோடு ஒட்டும். எடுத்த கையோடு பூண்டெண்ணெய் தடவ வேண்டும், தாமதித்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பூண்டை வெளிர்பொன் நிறத்திலேயே எண்ணெயிலிருந்து வடித்துவிட வேண்டும். வடித்தபின்னும் அதன் உட்சூட்டில் கருத்துக்கொண்டே போகும், கசந்தால் மொத்தத் தட்டும் வீண். தொட்டுக்கொள்ள மிளகாய், பூண்டு, வினிகர், கொஞ்சம் சர்க்கரை அரைத்த நீர்ச்சாறு. அரைமணிக்குள் சாப்பிட வேண்டிய பண்டம் இது. பொட்டலம் கட்டி ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம்.

சைவம் உண்பவர்கள் கவனிக்க: காய்கறிப் பண்டம் என்று பெயர் இருந்தாலும் இறால் இல்லாமல் வருவது அரிது. 'தான்பா எபி' என்றால் இறால் இல்லாமல். பன்றிக்கொழுப்பில் பூண்டு பொரிக்கும் கடைகளும் உண்டு, 'மிஞாக் பாபி' சேர்கிறதா என்று கேட்டுவிடலாம். ஹக்காக் கடைக்காரர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

பெரும்பாலும் சைவமாகக் கிடைப்பது புபூர் குந்திங். தோல் நீக்கிய பாசிப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஆவியில் 15, 20 நிமிடம் வேகவைத்து, ரம்பை இலை மணக்கும் சர்க்கரைப் பாகில் மரவள்ளி மாவைக் கரைத்துவிட்டுக் கெட்டியாக்கி, அதில் போடுவார்கள். மேலே, எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பண்டத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கிப் போடுவதால் இந்தப் பெயர், குந்திங் என்றால் கத்தரி. பருப்பை நீரில் போட்டு வேகவைத்தால் குழைந்து பாயசமாகிவிடும். ஆவியில் வேகவைத்தால்தான் பருப்பு பருப்பாக நிற்கும்.

கடலும் பருவமும்

கடற்கரைகளைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். தெற்கே சுமார் 17 கிலோமீட்டரில் உள்ள பாசிர் பாஞ்சாங் நீண்ட, சாய்வு குறைந்த மணற்கரை. ஆறுகள் வண்டலும் கரிமண் நீரும் கொண்டுவந்து சேர்ப்பதால் கடல் நீலமாக இராது. ஆனால் மேற்கு பார்த்த கரை, கருங்கற்பாறைகள், பின்னால் பச்சை மலை என்பதால் அந்திவேளை மிக அழகு. தெளிந்த நீரும் பவளமும் வேண்டுமென்றால் படகேறி லெமுகுத்தான், ரண்டாயான் தீவுகளுக்குப் போக வேண்டும். ஊருக்குப் பின்னால் உள்ள ராயா பாசி மலைக்காப்பகத்தில் ரஃப்லீசியா என்னும் மிகப் பெரிய பூ பூக்கிறது. மொட்டு மாதக்கணக்கில் வளர்ந்து, விரிந்தபின் ஒரு வாரம்கூட நிலைக்காது. காப்பகம் என்பதால் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் ஏறக்கூடாது.

சரவாக்கின் தலைநகரான கூச்சிங்கிலிருந்து வருபவர்களுக்குப் பியாவாக் - அருக் எல்லை வழியாகச் சம்பாஸைத் தொட்டு இறங்குவது நல்ல வழி. மேற்குக் கலிமந்தான் சரவாக்கைவிட ஒரு மணி நேரம் பின்னால். எல்லை வாசல் இரவில் மூடிவிடும் என்பதால் திரும்பும்போது இந்தக் கணக்கைத் தவறவிடக் கூடாது. 2024-இல் திறந்த சிங்கவாங் விமான நிலையமும் இருக்கிறது. சேவைகள் குறைவு என்பதால் பலர் இன்னும் பொந்தியானாக் வழியாகத்தான் வருகிறார்கள்.

எப்போது போவது என்பதில் ஒரு முடிச்சு உண்டு. சாப் கோ மே பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும், 2027-இல் பிப்ரவரி 20. வடமேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆகவே விழாவையும் தீவுகளையும் ஒரே பயணத்தில் சேர்க்கப் பார்த்தால் படகு கிளம்பாமல் கரையில் உட்கார நேரும். விழாவுக்கு மாதங்களுக்கு முன்பே அறைகள் தீர்ந்துவிடும், வாடகையும் பன்மடங்கு. ஆகஸ்ட், செப்டம்பரில் மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமண் காடுகள் எரிந்து புகை மூடும். ஊரையும் மனிதரையும் நிதானமாக அறிய ஜூன், ஜூலைதான் ஏற்றது. கடல் அடங்கியிருக்கும், ஜாடிகள் நன்றாக உலரும், சோய் பான் தட்டுபவர்களுக்குப் பேச நேரமும் இருக்கும்.